டூப்ளிகேட் சிலோன்

எங்கள் கம்பெனி கேட்டுக்கு இரண்டு நாளாகப் பெயிண்ட் அடிக்கிறார்கள். ஆயுத பூஜை வருகிறதல்லவா, வருஷா வருஷம் நடப்பதுதான். நேற்று மதியம் ஷிஃப்ட் முடிந்து கார்டு பஞ்ச் பண்ண வரிசையில் நின்றபோது தின்னர் நெடி மூக்கில் ஏறியது. ஏணியில் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். காது மடலில் ஒரு பச்சைச் சொட்டு. உனக்கும் எப்போதும் காதில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். முகத்தை எல்லாம் தேய்த்துக் கழுவிவிட்டுக் காதை மறந்துவிடுவாய். எனக்குக் கால் நகரவில்லை. "யக்கா, நவுரு. டிரெய்னு போயிடும்" என்று பின்னால் நின்ற செல்வி முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதியது. இரண்டு மணிச் சங்கு. அது எப்படி ஊதும் என்று உனக்குத் தெரியும். நீளமாக எழும், நடுவில் விக்கல் வந்ததுபோல ஒரு வெட்டு, மறுபடியும் எழும். பல வருஷமாக அப்படித்தான், யாரும் சரிசெய்யவில்லை. சிப்காட்டில் எத்தனையோ கம்பெனி, எத்தனையோ சங்கு. விக்குகிற சங்கு எங்களுடையது ஒன்றுதான். அந்த விக்கலை வைத்துத்தானே உன்னைப் பிடித்தேன்.

நேற்று வீட்டுக்குப் போயும் ஒரு வேலை ஓடவில்லை. குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டேன். இன்று அதே இரண்டு மணிக்கு, அதே கேட்டருகில், ஒரு காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன். சரியா தப்பா என்று கேட்க உன்னைத் தவிர ஆளில்லை. அதனால்தான் வந்த வண்டியை விட்டுவிட்டு, கும்மிடிப்பூண்டி பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, இன்ஸ்பெக்‌ஷன் ஷீட்டின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் நீ கோவித்துக்கொண்டு மீதியைப் படிக்க மாட்டாய்.

அந்தக் கிரிக்கெட் க்ரூப்பில் நான் சேர்ந்த புதிதை நினைத்துப் பார். திருவள்ளூரில் செல்போன் கடை வைத்திருக்கிற அட்மின் அண்ணன், ஆவடி, மீஞ்சூர் ஆட்கள், துபாயில் இருக்கும் இரண்டு பேர், எல்லாம் ஆம்பிளைகள். நான் வாயைத் திறந்த முதல் நாளே ஸ்லிப்பில் ஆள் நிறுத்தாத கேப்டனைத் திட்டினேன். "இம்மாம் வெவரமா பேசுது, இது பொம்பளையே இல்லபா, எவனோ ஃபேக் ஐடி" என்று ஒருவன் எழுதினான். வாய்ஸ் மெசேஜ் போட்டால்தான் நம்புவோம் என்று பத்துப் பேர் கூடிக்கொண்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன். அப்போது நீ ஒருவன்தான் எழுதினாய்: "அக்காவை விடுங்கோ. ஆம்பிளையோ பொம்பிளையோ எண்டு பார்த்தோ பந்து திரும்புது?"

அதற்கப்புறமும் நான் வாய்ஸ் போட்டேன். "நான் பொம்பளதான்டா, இன்னா இப்போ?" என்று கத்தினேன். அன்றோடு க்ரூப்பில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. யார்மேல் சந்தேகம் வந்தாலும் வாய்ஸ் போடச் சொல்வது. அந்த வழக்கம் என்னால் வந்தது, அதற்கு நீ பலியானாய். இதை எழுதும்போது கை கூசுகிறது.

நீ சிலோன்காரன் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தாய். பருத்தித்துறை உன் ஊர், வீட்டுக்குப் பின்னால் கடல், காற்றுக் காலத்தில் வாசல் வேலிப் படலை தானாகத் திறந்து மூடும், அப்படியெல்லாம் எழுதுவாய். இலங்கை மேட்ச் என்றால் க்ரூப்பே உன்னைச் சுற்றி நிற்கும். எதிரில் ஆளில்லாமல் கத்துவதில் என்ன ருசி? நீ ஒருவன் அந்தப் பக்கம், நாங்கள் அத்தனை பேரும் இந்தப் பக்கம். தோற்றாலும் சளைக்காமல் பதில் சொல்வாய்.

சந்தேகம் எனக்கு எங்கே ஆரம்பித்தது தெரியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நாஷ்டா முடிச்சிட்டு வாறன்" என்று எழுதினாய். தோசைக் கரண்டியும் கையுமாக நின்ற எனக்குச் சுருக்கென்றது. சிலோன்காரன் எவனாவது நாஷ்டா என்பானா? அப்புறம் என் கண் உன்மேலேயே இருந்தது. எங்கள் வீட்டில் கரண்ட் போகும் நேரத்தில் உனக்கும் போனது. எங்கள் கவரைப்பேட்டையில் மழை கொட்டினால் உன் பருத்தித்துறையிலும் கொட்டியது. மாதத்தில் சில நாள், மேட்ச் சூடாக இருக்கும்போதே, சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போவாய். கேட்டால், "ஒரு அலுவல்" என்பாய்.

என் வேலை உனக்குத் தெரியும். அடித்து வரும் இரும்புச் சாமான் ஒவ்வொன்றையும் அளவுக் கேஜில் நுழைத்துப் பார்ப்பது. நுழைந்தால் ஓகே பெட்டி. நுழையாவிட்டால் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டு ரிஜெக்ட் பெட்டி. பதினாறு வருஷம் இதையே செய்கிறவளுக்கு மனுஷனையும் அப்படித்தான் பார்க்கத் தோன்றுகிறது. உன்னைப் பெட்டியில் போடாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "நீ சிலோனே இல்ல, பேஜாரு பண்ணாத, வாய்ஸ் போடு" என்று நான்தான் கேட்டேன். வேறு யாரும் இல்லை, நான்.

ஒரு நாள் முழுக்க நீ பதில் போடவில்லை. மறுநாள் மதியம் போட்டாய். நான் கேண்டீனில் இருந்தேன். "நான் சிலோன்தான் அக்கா. பொய் சொல்லேல்லை. இதுக்கு மேல என்னத்தைச் சொல்லுறது?" குரல் சின்னதாக இருந்தது. பேச்சு அச்சாக அந்த ஊர்ப் பேச்சு. நம்பித்தான் இருப்பேன். ஆனால் நீ பேசி முடிக்கும்போது பின்னால் சங்கு ஊதியது. எழுந்தது, விக்கியது, மறுபடியும் எழுந்தது.

எனக்குச் சாமி வந்ததுபோல ஆகிவிட்டது. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன், செல்வியின் காதில் வைத்துக் கேட்கச் சொன்னேன். "அட, நம்ம சங்குக்கா இது!" என்றாள். அவ்வளவுதான். க்ரூப்பில் போட்டேன்: "இது கும்மிடிப்பூண்டியில எங்க கம்பெனி சங்கு. பருத்தித்துறையில எப்படிபா ஊதும்? நீ டூப்ளிகேட் சிலோன்." சிரிப்புப் பொம்மை மேல் சிரிப்புப் பொம்மை வந்து விழுந்தது. அட்மின் அண்ணன் என் மெசேஜை எல்லோருக்கும் தெரியும்படி மேலே குத்தி வைத்தார். ஒருவன் எனக்கு சிஐடி அக்கா என்று பேர் வைத்தான். க்ரூப்பை விட்டுப் போய்விட்டாய் என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி மட்டும் வந்தது.

வீட்டில் என் வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன். அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே, "எவன் எந்த நாடா இருந்தா உனுக்கு இன்னாடி? உன் ரேஷன்லயா பங்கு கேட்டான்?" என்றார். எனக்கு அது உறைக்கவில்லை. மறுநாள் செல்விதான் டீ டம்ளரை வைத்துக்கொண்டு யோசித்தாள். "யக்கா, நம்ம சங்கு எம்மாந்தூரம் கேக்கும்? பஜார் வரிக்கும் கேக்கும். அப்பறம் அந்தாண்ட கேம்ப்பு வரிக்கும் கேக்கும். அங்க இருக்கிறவங்க எல்லாரும் சிலோன்காரங்கதானேக்கா?"

நான் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை வருஷமாக அந்த அகதி முகாமைத் தாண்டித்தான் வேலைக்கு வருகிறேன். எனக்கு அது ஒரு பஸ் நிறுத்தத்தின் பேர், அவ்வளவுதான். அங்கே இருப்பவன் போனில் கிரிக்கெட் பார்ப்பான் என்று என் மண்டைக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

உனக்குத் தனியாக எழுதினேன், மன்னிப்பு கேட்டேன். நாலு நாள் கழித்துத்தான், பஜாருக்குப் பின்னால் இருக்கும் டீக்கடைக்கு ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னாய். உன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் குரலைத்தான் கேட்டேன். ஆந்திரா பக்கம் தடாவிலிருந்து வந்து கடை போட்டிருக்கும் டீக்கடைக்காரரிடம், "இன்னா நைனா, சர்க்கரை கம்மியா ரெண்டு போடு" என்று எங்கள் ஊர்க்காரனாகவே சொன்னாய். என் பக்கம் திரும்பி, "கோவிக்காதேங்கோ அக்கா, கொஞ்சம் பிந்திட்டுது" என்றாய். ஒரே வாயில் இரண்டு ஊர். முப்பது வயசு தாண்டிய ஆள், காதில் நீலப் பெயிண்ட். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அன்றைக்குச் சொன்னாய். அம்மா உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு படகில் வந்தது. நீ பிறந்தது இங்கே, படித்தது இங்கே, பெயிண்ட் அடிப்பது இங்கே. ஆனால் இந்த நாட்டுக் கணக்கில் நீ இல்லை. பருத்தித்துறையை நீ கண்ணால் கண்டதில்லை. "அம்மா சொன்ன கடலைத்தான் அக்கா நான் க்ரூப்பில எழுதினனான்" என்றாய். காணாமல் போகிற நாளெல்லாம் முகாமில் செக்கிங் நாளாம். அதிகாரிகள் வந்து பேர் கூப்பிடும்போது ஆள் நேரில் நிற்க வேண்டுமாம்.

"அப்ப இதை முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்று கேட்டேன்.

"கேம்ப் எண்டு சொன்னாப் பாவம் எண்டு சொல்லுவினம் அக்கா. பாவம் பார்க்கிறவனோட நிண்டு மேட்ச் பார்க்க ஏலாது."

உன் அம்மாவுக்கு நீ இலங்கைக்குக் கைதட்டுவது பிடிக்காதாம். நம்மைத் துரத்திவிட்ட நாட்டுக்குக் கைதட்டுகிறாயா என்று டிவியை நிறுத்திவிடுவாராம். பின் எதற்கு அந்த டீம் என்று கேட்டேன். நீ டம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "விளையாட்டிலயாவது ஒரு நாடு வேணும்தானே அக்கா."

நான் உடனே வீராப்பாக, க்ரூப்பில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "என்னவெண்டு சொல்லுவீங்கள்?" என்று கேட்டாய். சிலோன்தான் என்றால் சங்கு காட்டிக்கொடுக்கும். முகாம் என்றால் உன் மானம் போகும். "பொறுங்கோ. நேரம் வந்தா நானே சொல்லுறன்" என்றாய். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகவும் இருந்தது, இப்போது ஒத்துக்கொள்கிறேன். சிஐடி அக்கா என்ற பேரை இழக்க எனக்கும் மனசில்லை.

அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் நமக்குள் மட்டும் மேட்ச் ஓடியது. பந்துக்குப் பந்து வம்பு. நான் பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டிக்கொண்டால், "அம்மன் எல்லாருக்கும் பொது அக்கா, உங்கட டீமுக்கு மட்டும் எழுதிக் குடுத்தவவோ?" என்பாய். "இண்டைக்கு செக்கிங்" என்று நீ அனுப்பினால், உனக்காக ஓவருக்கு ஓவர் ஸ்கோர் எழுதி வைப்பேன். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒரு மத்தியானம் இருக்கிறது. அதை நீ மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை. அதே டீக்கடையில் இந்தியா இலங்கை மேட்ச். நிற்க இடமில்லாத கூட்டம். எங்கள் ஓப்பனர் ஸ்டம்ப் பறந்ததும் நீ உன்னை மறந்து, இரண்டு கையையும் தூக்கிக் குதித்தாய். கடையே திரும்பிப் பார்த்தது. டீக்கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "யோவ் நைனா, நீ எந்தக் கட்சி?" என்றார். ஒருவன், "எந்த நாட்டு ஆளுபா நீ?" என்று கிட்டே வந்தான்.

நீ என்னைப் பார்த்தாய். ஒரே ஒரு பார்வை. "அவன் சிலோன், அவன் டீமுக்கு அவன் கத்துறான், உங்களுக்கு இன்னா நோவுது?" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். க்ரூப்பில் அறுபது ஆம்பிளைகளை வாயடைத்தவளுக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. கூட்டத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன். குனிந்து வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். "சும்மா நைனா, ஜெயிக்கிற கட்சி" என்று சிரித்துவிட்டு நீ உட்கார்ந்தாய். அப்புறம் அந்த மேட்ச் முடியும்வரை நீ கைதட்டவே இல்லை. போகும்போது, "மழை வாற மாதிரி இருக்கு அக்கா, கவனமாப் போங்கோ" என்றாய். திட்டியிருந்தால் கூட ஆறியிருக்கும்.

நாலு மாசம் முன்னால் ஒரு காலையில் உன் நம்பரிலிருந்து போன் வந்தது. நீ என்று நினைத்து, "இன்னாபா, இவ்ளோ சீக்கிரமா?" என்று கேட்டேன். உன் தங்கச்சி பேசினாள். மீஞ்சூர்ப் பக்கம் ஒரு அடுக்குமாடிக்கு வெள்ளையடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்துவிட்டாய் என்றாள். போனில் கடைசியாகப் பேசியிருந்தது என்னோடுதான் என்பதால் என்னைக் கூப்பிட்டாளாம். நான் யூனிஃபார்மோடு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். உன் தங்கச்சி அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "நீங்கள் எழுதுங்கோ அக்கா" என்று பேனாவை என்னிடம் தந்தாள். பேர் எழுதினேன். அப்பா பேர், வயசு எழுதினேன். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. எதிரில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, "நேஷனாலிட்டி இன்னாம்மா? சீக்கிரம் எழுதுங்க" என்றார். எனக்குக் காதில் சங்கு கேட்டது. உன் தங்கச்சி மெதுவாக, "இலங்கை எண்டு போடுங்கோ அக்கா. எல்லாத்திலயும் அப்பிடித்தான் இருக்கு" என்றாள். எழுதினேன். டூப்ளிகேட் என்று எழுதிய அதே விரலால், இலங்கை என்று எழுதினேன். அவர் நிமிர்ந்து, "நீங்க அவருக்கு இன்னா வேணும்?" என்று கேட்டார். "ஒண்ணா மேட்ச் பாக்குறவங்க சார்" என்றேன். வேறு என்ன உறவு சொல்வது?

அதற்கப்புறம் எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கேஜில் நுழையாத சாமானைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், சிவப்புக் கோடு போட மனசு வரமாட்டேன் என்கிறது, சூப்பர்வைசர் கத்துகிறார். க்ரூப்பைத் திறந்தால் மேலே இன்னும் என் மெசேஜ்தான் நிற்கிறது. போன வாரம் ஒருவன், "அந்த டூப்ளிகேட் சிலோன் இருந்தா செம்ம ஜாலியா இருக்கும்பா" என்று எழுதினான். நீ செத்தது கூட அவர்களுக்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும், நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேரம் வந்தால் நானே சொல்கிறேன் என்றாயே, அந்த நேரம் இனி எப்படி வரும்?

நேற்று அந்தப் பெயிண்ட் நெடிக்கப்புறம் சாயங்காலம் வீட்டிலிருந்து திரும்பி வந்து, முகாமுக்குப் போய் உன் அம்மாவைக் கேட்டேன். சொல்லலாமா என்று. அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "சொல்லு பிள்ளை. ஒளிச்சு வச்சு என்னத்தைக் கண்டம்?" என்றார். கிளம்பும்போது பின்னாலேயே படலை வரைக்கும் வந்தார். ஆமாம், அந்த வீட்டுக்கும் ஒரு படலை இருக்கிறது, காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது.

இன்று இரண்டு மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது கேட்டுக்கு வெளியே நின்று போனில் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினேன். சங்கு ஊதியது, முழுவதும் ஊதட்டும் என்று விட்டேன். விக்கலும் பதிந்தது. அப்புறம் பேசினேன். "இது எங்க கம்பெனி சங்கு. இது கேக்குற தூரத்துலதான் அவன் பொறந்தான், இங்கயேதான் செத்துட்டான். அவன் சிலோன்காரன். டூப்ளிகேட்னு சொன்னது நான். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். ப்ரூஃப் கேக்குறவன் என்னாண்ட வா, நான் சொல்றேன்." அனுப்பிவிட்டேன். பாவம் என்ற வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. அது உனக்காக.

இதுதான் நான் செய்த காரியம். திட்டுவதானால் திட்டு. டீக்கடையில் பேச வேண்டியதை ரொம்பத் தாமதமாகப் பேசியிருக்கிறேன். என்னை மன்னித்துவிடு என்று எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். க்ரூப்பில் இதுவரை ஒருவரும் ஒன்றும் போடவில்லை. அட்மின் அண்ணன் என் பழைய மெசேஜை மட்டும் மேலிருந்து எடுத்துவிட்டார்.

இதோ, இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் அம்மா போன் பண்ணினார். நான் அனுப்பியதைப் பற்றிக் கேட்பார் என்று பயந்துகொண்டே எடுத்தேன். "பிள்ளை, ராத்திரி மேட்ச் என்னவாச்சு? எங்கட ஆக்கள் வெண்டிட்டினமோ?" என்று கேட்டார். உனக்கு டிவியை நிறுத்தியவர். தோத்துட்டாங்கம்மா என்றேன். "அவன் இருந்தா இண்டைக்குச் சாப்பிட்டிருக்க மாட்டான்" என்றார்.

அடுத்த மேட்ச் சனிக்கிழமை. அன்றைக்கு முகாமில் செக்கிங்காம், பேர் கூப்பிடும்வரை அவர் வரிசையில் நிற்க வேண்டும். "நீ பார்த்துச் சொல்லு" என்றார். டீக்கடைக்குப் போய்த்தான் பார்க்கப் போகிறேன். உங்கள் ஆள் ஒரு ஃபோர் அடித்தால் எழுந்து கைதட்டுவேன். எந்தக் கட்சி என்று டீக்கடை நைனா கேட்கட்டும்.